கடல் கொண்ட நகரமும் கரை சேர்ந்த மகவும்
(தொண்டை நாட்டுக் கரையில் அரமகளிர் காதற்கதை: ஒரு வரலாற்று நோக்கு)

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், இளையோர் எழுத்தில் பெருகிவரும் ஒரு கதைவகையை வரலாற்று நோக்கில் ஆராய்வது பொருத்தமாகும். மானுட இளைஞன் ஒருவனும் தேவமகள் ஒருத்தியும், அல்லது மானுடப் பெண்ணொருத்தியும் வேற்றுலகத்து இளைஞன் ஒருவனும் இக்கால நகரத்தின் நடுவே சந்தித்துக் காதல் கொள்ளும் கதையே அது. கல்லூரி மாணவ மாணவியர் இத்தகைய கதைகளை விரும்பிப் படிக்கின்றனர். சிலர் தாமே எழுதவும் முயல்கின்றனர். கவியரங்குகளுக்கு வரும் மூத்தோர் சிலர், "இது மேனாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒட்டாதது" என்று முகம் சுளிக்கின்றனர். எழுதும் இளையோரோ, "நகரத்தில் தேவதை நடமாடுவது புதுமை, பழந்தமிழில் அதற்கு இடமில்லை" என்று எண்ணுகின்றனர்.

இரு சாராரும் நம் கரையின் கதைகளை நோக்கவில்லை என்பதே என் கருத்து. கூடுவாஞ்சேரியிலிருந்து கிழக்கே சென்றால் எட்டிவிடும் கடற்கரை, இக்கதைவகையின் மிகப் பழைய விளைநிலங்களுள் ஒன்றாகும். அக்கதைகளில் காதலர் இருவரின் இன்ப துன்பத்தோடு ஒரு நகரத்தின் வாழ்வும் தாழ்வும் பிணைந்திருக்கின்றன. அப்பிணைப்பை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மல்லைக் கதை

வில்லியம் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1772ஆம் ஆண்டிலும் 1776ஆம் ஆண்டிலும் மாமல்லபுரத்தைக் கண்டார். தாம் கண்டவற்றையும் அவ்வூர் அந்தணரிடம் கேட்டவற்றையும் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை, கல்கத்தாவில் வெளியான 'ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்' முதல் தொகுதியில் 1788இல் அச்சாயிற்று. பின்னர் 1869இல் சென்னையில் கார் என்பார் தொகுத்து வெளியிட்ட மாமல்லபுரம் பற்றிய நூலிலும் அது இடம்பெற்றது. அதில் ஒரு கதை உண்டு.

பலியின் மரபில் வந்தவனாகச் சொல்லப்படும் மன்னன் ஒருவன். அவன் பெயர் சேம்பர்ஸ் எழுத்தில் 'மலேச்சேரன்' என ஒலிக்கிறது. ஒருநாள் அவன் மாறுவேடம் பூண்டு தனியே உலவச் சென்றான். நகர்ப்புறத்துச் சோலை ஒன்றில் நீரூற்று இருந்தது. அதன் அழகில் ஈடுபட்டு வானுலக மகளிர் இருவர் நீராட இறங்கியிருந்தனர். அவர்களுள் ஒருத்தியின்மேல் மன்னன் காதல் கொண்டான், அவளும் இசைந்தாள். அதுமுதல் மகளிர் இருவரும் அச்சோலைக்கு அடிக்கடி வந்துபோயினர். ஒருநாள் வானுலகத்து ஆடவன் ஒருவனையும் அழைத்துவந்தனர். மன்னனுக்கும் அவனுக்கும் நட்பு முதிர்ந்தது. மன்னன் வேண்ட, அந்நண்பன் அவனை மாறுவேடத்தில் இந்திரன் அவைக்கே அழைத்துச் சென்று காட்டினான்.

மீண்டு வந்த மன்னன் தான் கண்ட செல்வப் பொலிவைத் தன் நகரில் படைக்கத் தொடங்கினான். மாமல்லபுரத்தின் புகழ் உலகெங்கும் பரவிற்று. செய்தி அறிந்த தேவர் அழுக்காறு கொண்டனர். நகரை விழுங்குமாறு கடல் தெய்வத்துக்கு ஆணை பிறந்தது. கடல் பொங்கிற்று, நகர் மறைந்தது. நீருள் மூழ்கிய கோயில்களின் செப்பு முடிகள் விடியற்கதிரில் ஒளிவிட்டதைத் தாம் கண்டதாக ஊரின் முதியோர் கூறினர் என்றும், செம்பு களிம்பேறிய பின் அவ்வொளி தோன்றவில்லை என்றும் சேம்பர்ஸ் எழுதுகிறார்.

இக்கதை கடல் கடந்தும் பயணம் செய்தது. இராபர்ட் சதே என்னும் ஆங்கிலக் கவிஞர் 1810இல் வெளியிட்ட 'கெகாமாவின் சாபம்' என்னும் நெடும்பாட்டில் கடலுள் மூழ்கிய பலியின் நகரம் வருகிறது. அதற்கு ஊற்று சேம்பர்ஸ் தந்த செய்தியேயாகும். மேனாட்டிலிருந்து வந்த கதைவகை என நாம் கருதும் ஒன்றின் ஒரு நூலிழை, நம் கரையிலிருந்தே அங்குச் சென்றிருப்பது ஈண்டு எண்ணத்தக்கது.

புகார்க் கதை

இதே அமைப்பு மணிமேகலையிலும் உண்டு. புகாரின் கடற்கரையில், புன்னைச் சோலையில், சோழன் நெடுமுடிக்கிள்ளி தனியளாய் நின்ற பேரழகி ஒருத்தியைக் காண்கிறான். அவள் பீலிவளை, நாகநாட்டு மன்னன் வளைவணனுக்கும் அவன் தேவி வாசமயிலைக்கும் பிறந்தவள். ஒரு திங்கள் அவனுடன் வாழ்ந்தவள், சொல்லாமலே மறைந்துபோகிறாள். அவளைத் தேடித் தவிக்கும் மன்னனிடம் சாரணன் ஒருவன், "அவள் வாராள், அவள் பெற்ற மகன் வருவான்" என்ற பொருள்பட உரைக்கிறான்.

மகவைப் பெற்ற பீலிவளை மணிபல்லவத்தில் கம்பளச் செட்டி என்னும் வணிகனிடம் அதனை ஒப்படைத்துத் தந்தையிடம் சேர்க்கச் சொல்கிறாள். அன்றிரவே கலம் உடைகிறது, மகவு காணாமற்போகிறது. செய்தி கேட்டுத் துயரில் ஆழ்ந்த மன்னன் இந்திரவிழாவை மறக்கிறான். விழா மறந்த நகரைக் கடல் கொள்கிறது.

மல்லையில் ஊற்று, புகாரில் புன்னைச் சோலை. இரண்டும் ஊரின் எல்லையில் அமைந்த இடங்கள். இரண்டிலும் மன்னன் தனியே செல்கிறான்; வேற்றுலக மகள் எதிர்ப்படுகிறாள்; முடிவில் கடல் நகரை விழுங்குகிறது. மல்லைக் கதை மணிமேகலையிலிருந்து பிறந்தது என்று நான் வாதிடவில்லை. இரண்டும் துறைமுக மக்களின் நினைவில் விளைந்தவை. வேற்று நாட்டார் வந்திறங்கும் துறையில் காதலும் வேற்றுலகிலிருந்து வருகிறது. வாழ்வு தரும் கடலே அழிவையும் தருகிறது.

திரை தந்த மகவு

மூன்றாவது கதை தொண்டை நாட்டுக்கே உரியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையின் தலைவன் தொண்டைமான் இளந்திரையன். திரை தந்த மரபில் வந்தவன் என்று பாட்டே அவனைக் குறிக்கிறது. 14ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் அதற்கு ஒரு கதை தருகிறார். நாகபட்டினத்துச் சோழன் பிலத்தின் வழியே நாகருலகு சென்று நாககன்னி ஒருத்தியைக் கூடினான். பிரியும் வேளையில் அவள், பிறக்கும் புதல்வனை என்ன செய்வது என வினவினாள். தொண்டைக் கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறும், கரையேறினால் அவனுக்கு அரசுரிமை தருவதாகவும் மன்னன் கூறினான். அவள் அவ்வாறே செய்தாள். அலை மகவைக் கொணர்ந்தது. சொன்ன சொல்லும் காக்கப்பட்டது. திரை தந்தமையால் திரையன். தொண்டைக் கொடியால் தொண்டைமான்.

பல்லவரும் தம் குலத்தோற்றத்தில் நாகமகளை விடவில்லை. 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் வெளியிட்ட வேலூர்ப்பாளையச் செப்பேடு, வீரகூர்ச்சன் என்னும் முன்னோன் நாகர் தலைவன் மகளின் கைத்தலத்தோடு அரசச் சின்னங்களையும் பெற்றான் என்கிறது. இராயக்கோட்டைச் செப்பேடு, அசுவத்தாமனுக்கும் நாகமகளுக்கும் பிறந்தவனாகக் கந்தசிடியனைச் சொல்கிறது. கடலுக்கு அப்பால் கம்போச நாட்டின் பழங்கதையிலும், கௌண்டினியன் என்னும் அந்தணன் சோமா என்னும் நாககன்னியை மணந்து அரசமரபைத் தோற்றுவிக்கிறான். வணிகக் கலங்களோடு கதைகளும் கடலோடின என்பதற்கு இது சான்றாகும்.

புகாரையும் தொண்டை நாட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும. இரண்டிலும் நாகமகள் மகவைக் கடல்வழி அனுப்புகிறாள். புகாரில் மகவு கரை சேரவில்லை, மன்னன் துயரில் தன் கடமையை மறந்தான், நகர் அழிந்தது. தொண்டை நாட்டில் மகவு கரை சேர்ந்தது. தந்தை அதனைத் தன் மகனென ஏற்றான். ஒரு நாடு பிறந்தது. மல்லையிலோ மகவும் இல்லை, அடையாளமும் இல்லை, வாக்குறுதியும் இல்லை. மன்னன் வேற்றுலகிலிருந்து கொண்டுவந்தது பகட்டு ஒன்றே. காதலால் நேர்ந்த பொறுப்பை ஏற்ற இடத்தில் நாடு எழுகிறது. ஏற்காத இடத்தில், அல்லது துயரில் கைவிட்ட இடத்தில், நகர் அழிகிறது. இக்கதைகள் ஒருங்கே உணர்த்தும் அறம் இதுவெனக் கொள்ளலாம்.

பெயரும் குரலும்

இக்கதைகளில் வரும் மகளிரின் நிலை தனியே நோக்கத்தக்கது. சீத்தலைச் சாத்தனார் பீலிவளைக்குப் பெயரும் பெற்றோர் பெயரும் தந்தார். ஆயினும் அவள் ஏன் சொல்லாமல் சென்றாள் என்பதை அவள் வாயால் நாம் கேட்பதில்லை. நச்சினார்க்கினியரின் நாககன்னிக்குப் பெயரில்லை. ஆயினும் ஒரு கேள்வி அவளுக்கு உண்டு. அந்த ஒரு கேள்வியே தொண்டை மரபைத் தோற்றுவிக்கிறது. செப்பேட்டில் அவள் நாகர் தலைவனின் மகள் மட்டுமே. மல்லைக் கதையில் அவளுக்குப் பெயருமில்லை, பேச்சுமில்லை. மன்னன் இந்திரன் அவைக்குப் போன பின் கதையே அவளை மறந்துவிடுகிறது. நகர் மூழ்கிய நாளில் அவள் எங்கிருந்தாள்? அழுதாளா, தடுத்தாளா? சொல்வாரில்லை.

நாட்டார் கதைகளிலும் அவற்றை ஒட்டிய திரைப்படங்களிலும் நிலைமை இதனினும் தாழ்ந்தது. நீராடும் தேவமகளின் ஆடையை ஒளித்துவைத்து அவளை மனைவியாக்கிக்கொள்ளும் கதை உலகெங்கும் உண்டு, நம்மிடமும் உண்டு. அங்கு அவள் இசைவு கேட்கப்படுவதே இல்லை.

இதற்கு மாறான கதை ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. கடல்மல்லைத் தலசயனத்தைப் பாடிய திருமங்கையாழ்வாரின் வரலாறாக வைணவ குருபரம்பரை நூல்கள் கூறுவது அது. குமுத மலர் பறிக்கப் பொய்கைக்கு வந்த தேவமகள் ஒருத்தி மண்ணுலகில் தங்கிவிடுகிறாள்; மருத்துவர் ஒருவர் அவளைக் குழந்தையாகக் கண்டெடுத்துக் குமுதவல்லி எனப் பெயரிட்டு வளர்க்கிறார். படைத்தலைவரான நீலன் அவளை மணக்க விரும்பியபோது அவள் விதி வகுக்கிறாள்: அவர் திருமாலடியாராக வேண்டும், ஓராண்டுக் காலம் நாள்தோறும் ஆயிரத்தெட்டு அடியார்க்கு அமுதளிக்க வேண்டும். அவர் இசைந்தார். அவ்விசைவின் வழியே தமிழுக்கு ஒரு பெருங்கவிஞர் கிடைத்தார். தேவமகள் தன் விருப்பத்தைத் தானே உரைத்த இக்கதையில் எந்த நகரும் அழியவில்லை. ஊரார் உணவு பெற்றனர். கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தார் இக்கதையைச் சற்றுக் கூடுதலாகவே நினைவிற் கொள்ளலாம்.

ஐயமும் தெளிவும்

இனி, எழுதுவோர்க்குப் பயன்படும் இலக்கணச் செய்தி ஒன்று. எதிர்ப்பட்டவள் மானுடப் பெண்ணா, தெய்வமகளா என்று தலைவன் மயங்குவதைத் தொல்காப்பியக் களவியல் 'ஐயம்' என்கிறது. அந்த ஐயம் நீங்குவதற்குரிய அடையாளங்களையும் அது வரிசைப்படுத்துகிறது: மலரை மொய்க்கும் வண்டு, அணிந்த இழை, இமைக்கும் கண், முகத்தில் தோன்றும் அச்சம் முதலியன. திருக்குறளின் காமத்துப்பாலும் இந்த ஐயத்தோடுதான் தொடங்குகிறது. அதன் முதல் அதிகாரத்தின் பெயர் 'தகையணங்குறுத்தல்'. தமிழில் காதற்பாட்டின் முதற்படியே, "இவள் அணங்கோ?" என்னும் வினாதான்.

நளவெண்பாவில் இவ்வடையாளங்கள் தலைகீழாகப் பயன்படுகின்றன. நளனின் உருவில் வந்திருக்கும் தேவர் நடுவே உண்மை நளனைத் தமயந்தி தேர்ந்தாக வேண்டும். கண் இமைப்பதும், அடி நிலத்தில் தோய்வதும், மாலை வாடுவதும் கொண்டு அவள் மானுடனைத் தெளிகிறாள். இங்குத் தெரிபவள் பெண். ஐயமும் அவளது, தெளிவும் அவளது. வாடாத மாலையை விட்டு வாடும் மாலையை அவள் விரும்பினாள் என்பதிலேயே இக்கதைவகையின் உயிர் இருக்கிறது. இதனைப் பாடிய புகழேந்திப் புலவர், செங்கற்பட்டை அடுத்த பொன்விளைந்தகளத்தூரில் பிறந்தவர் என்பது வழிவழி வழங்கும் செய்தி.

ஆகவே, மின்தொடர்வண்டியில் எதிரே அமர்ந்திருப்பவள் தேவதை என்பதை உணர்த்த, இளம் எழுத்தாளர் மேனாட்டு நூல்களில் சிறகும் மந்திரக்கோலும் தேட வேண்டியதில்லை. காலையில் சூடிய முல்லை இரவு வண்டியிலும் வாடாதிருந்தால் போதும். தமிழ் படித்தவர்க்கு அது விளங்கும்.

இக்கால நகரம்

தேவருலகையும் இக்கால நகரையும் ஒருங்கு நிறுத்திய பெருமை தமிழில் புதுமைப்பித்தனுக்கு உண்டு. 1943இல் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில், சென்னையின் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் சந்திப்பில் கடவுள் வந்து வழி கேட்கிறார், காப்பி அருந்துகிறார். அது காதற்கதையன்று. ஆயினும், பேருலகத்து ஒருவர் நகரத்துக்குள் வந்தால் நகரத்தின் விதிப்படியே நடக்க வேண்டும் என்னும் உத்தியை அவர் நிலைநாட்டினார். திரைப்படத்தில், 1979இல் வந்த 'நீயா?' நாகமகளை இக்கால இளைஞர் வாழும் உலகுக்குக் கொண்டுவந்தது. அங்கு அவள் பழிவாங்குபவளாகவே நின்றாள்.

மேனாட்டில் இவ்வகைக்கு வழிகாட்டிய நூல்களுள் ஒன்று, எம்மா புல் 1987இல் எழுதிய 'வார் ஃபார் தி ஓக்ஸ்' என்னும் புதினம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் இசைக்குழு நடத்தும் பெண்ணொருத்தி, தேவதைக் குலத்தாரின் போரில் சிக்கிக்கொள்கிறாள். காதலும் அதனூடே மலர்கிறது. 2002இல் ஹாலி பிளாக் எழுதிய 'டைத்' இளையோர்க்கென்றே வந்தது. அயர்லாந்து, இசுக்காத்துலாந்து நாட்டார் மரபுகளிலிருந்து வந்த பாத்திரங்களை இவ்வெழுத்தாளர்கள் தத்தம் காலத்துத் தெருக்களில் நடமாடவிட்டனர். அவர்கள் தம் பாட்டியரின் கதைகளைத் தம் நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்கத்தக்கது அம்முறையையே. அவர்களுடைய பாத்திரங்களை அப்படியே இறக்குமதி செய்து, பெயரை மட்டும் தமிழாக்கினால், வாடிய மாலைக்கு நறுமணத் தைலம் தெளித்தது போலாகும்.

நகரம் என்றதும் சென்னையை மட்டும் நினைக்க வேண்டியதில்லை. கூடுவாஞ்சேரியும் நந்திவரமும் ஊரப்பாக்கமும் இன்று நகரமே. ஏரிக்கரையில் அடுக்குமாடிகள் எழுந்துள்ளன; கிளாம்பாக்கத்துப் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபின் இரவும் பகலும் ஒன்றாயின. எங்கெங்கிருந்தோ வந்திறங்கும் மக்கள் ஒருவரையொருவர் அறியாமல் அருகருகே நிற்கும் இடம் அது. அன்றைய துறைமுகத்தின் இயல்பு இன்று பேருந்து முனையத்துக்கும் தொடர்வண்டி நிலையத்துக்கும் வந்துவிட்டது. பீலிவளை இன்று வருவதானால் புன்னைச் சோலைக்கு வரமாட்டாள், நடைமேடையில்தான் நிற்பாள்.

மூழ்கியவர் யார்?

மல்லைக் கதையை மீண்டும் ஒருமுறை நோக்குவோம். காதலித்தவன் மன்னன், இசைந்தவள் தேவமகள், அழுக்காறு கொண்டவர் தேவர். மூழ்கியவர் யார்? கதையில் ஒரு வரியும் பெறாத ஊர் மக்கள். வலை பின்னியவரும் உப்பு விற்றவரும் கல் செதுக்கியவரும் குழந்தைகளும். புகாரிலும் அவ்வாறே. அரசன் விழா மறந்தான், தண்டனை நகருக்கு.

2004 டிசம்பர் 26 அன்று நம் கரையில் கடல் பின்வாங்கிற்று. மாமல்லபுரத்தில் அதுவரை மணலும் நீரும் மூடியிருந்த கற்கள் வெளிப்பட்டன. சாளுவன்குப்பத்தில் தொல்லியல் துறையினர் அடுத்த ஆண்டு அகழ்ந்தபோது பழைய முருகன் கோயிலின் செங்கற் கட்டுமானம் வெளிவந்தது. ஆய்வாளர்க்கு அது பெருஞ்செய்தி. அதே நாளில் அதே கடல் மீனவக் குப்பங்களுக்குள் புகுந்து உயிர்களைக் கொண்டது. 2015 டிசம்பரில் பெருமழையால் முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, நீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது என்று மக்கள் சொன்னார்கள். தேவரின் சினத்தால் இவை நேர்ந்தன என்று இன்று எவரும் கூறார். ஆயினும், மேலே இருப்போரின் பகட்டுக்குக் கீழே இருப்போர் விலை கொடுக்கிறார்கள் என்னும் பழங்கதையின் உண்மை பொய்த்துவிடவில்லை. ஏரியை மேடாக்கிய ஒருவர், அதன்மேல் கட்டிய வீட்டில் குடியிருப்பவராக இருப்பதில்லை.

ஆகவே, இக்கால நகரில் தேவதைக் காதற்கதை எழுதப் புகும் இளையோரிடம் நான் வேண்டுவன இரண்டு. ஒன்று, அவளைப் பேசவிடுங்கள். பீலிவளை சொல்லாமற் சென்றதன் காரணத்தை அவளே உரைக்கட்டும்; குமுதவல்லியைப் போல் அவள் விதி வகுக்கட்டும்; தமயந்தியைப் போல் அவள் தெரிந்தெடுக்கட்டும். மற்றொன்று, ஊரை மறவாதீர்கள். காதலர் இருவரும் நிலவொளியில் கைகோத்து நிற்கும்போது, அவர்களுக்குப் பின்னால் விளக்கெரியும் வீடுகளில் யார் யார் உறங்குகிறார்கள் என்பதைக் கதை அறிந்திருக்க வேண்டும்.

அவ்வாறு எழுதப்படுமாயின், அது மேனாட்டுச் சரக்கு என்று எவரும் தள்ளிவிட இயலாது. கடல் கொண்ட நகரின் கதை நம்மிடம் இரண்டு உண்டு. கரை சேர்ந்த மகவின் கதை ஒன்றே ஒன்று. அடுத்த பத்தாண்டில் நம் வட்டத்தின் இளங்கவிஞர் எவரேனும் இரண்டாவது ஒன்றை எழுதித் தருவாராயின், அதனை இவ்வட்டம் தொண்டைக் கொடியின் அடையாளம் கண்டு ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன்.